நம்பர் இருக்கிறது, நேரம் எங்கே?



போன இதழில் சர்க்கரை நோய் பற்றி எழுதியதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. கேழ்வரகு சாப்பிடலாமா, வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கலாமா என்றுதான் கேட்பீர்கள் என்று நினைத்திருந்தோம். அதையும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்துக்குக் கடிதம் தலைகாட்டிய விஷயம் வேறு. டாக்டரைப் பார்க்கப் போய் உட்கார்ந்திருக்கும் நேரம்.

குடுமியான்மலையிலிருந்து ஒரு வாசகி, மாமியாரை மாதாமாதம் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் வருவதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். நோயைப் பற்றி அதில் நாலே வரி. மீதியெல்லாம் பஸ், டோக்கன், பெஞ்சு, மறுபடியும் பஸ். படித்ததும் அலுவலகத்தில் ஆளாளுக்குத் தங்கள் கதையை ஆரம்பித்ததில் அன்றைய வேலை கெட்டது. எனவே இந்த மாதம் இந்தப் பக்கம் அந்தக் கடிதத்துக்கே.

சுருக்கிச் சொல்கிறேன். டாக்டர் உட்காருவது மாலை 6 மணிக்கு. பெயர் பதிவது காலை 7 மணிக்கு, போனில். 7 அடித்ததும் கூப்பிட்டால் லைன் கிடைக்காது. வீட்டுக்காரர் போன், கொழுந்தனார் போன் என்று மாற்றி மாற்றி அடித்ததில் கிடைத்தது 31ஆம் நம்பர். அது எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால், "அஞ்சு மணிக்கே வந்து உக்காந்துக்கங்க, கூப்புடும்போது ஆள் இல்லேன்னா கடைசிலதான்" என்று பதில். அதனால் மூன்றரைக்கே பஸ் ஏறுகிறார்கள். அங்கே இருபது நாற்காலி, நாற்பது பேர். வாசற்படியில் செருப்புக் குவியல். கனத்த பையோடு மருந்து கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர் சுவரோரம். டாக்டர் வந்தது ஆறே முக்காலுக்கு. மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம், "ஏப்பா, முப்பத்தொண்ணு எப்பத்தான் வரும்?" சீட்டுக் கொடுக்கும் பையன் தலையைத் தூக்காமல் சொன்னானாம், "உக்காருங்க ஆத்தா, கூப்புடுவாக."

கூப்பிட்டபோது மணி 9.10. உள்ளே இருந்தது மூன்று நிமிடம். பிரஷர் பார்த்து, பழைய சீட்டைப் புரட்டி, அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார். வெளியே வந்தால் ஊருக்குப் பஸ் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் அந்த டாக்டர் மேல் கோபப்படுவீர்கள். வாசகிக்குக் கோபம் இல்லை. மாமனாரைக் கடைசி வரை பார்த்தவர் அவர்தானாம். மாமியாருக்கு எந்த ஊசி சேராது என்பதைச் சீட்டைப் பார்க்காமலே சொல்வாராம். வேறு டாக்டரிடம் போகலாமே என்றால் அவர்கள் வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை. அது வெறும் பிடிவாதம் இல்லை. ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போகிறவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்களா என்று டெனிஸ் பெரேரா கிரே என்ற ஆங்கிலேயக் குடும்ப டாக்டரும் அவருடைய குழுவினரும் 9 நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் எழுதினார்கள். அவற்றில் 18 ஆய்வுகள், தொடர்ந்து ஒருவரையே பார்க்கிறவர்களிடம் இறப்பு விகிதம் குறைவு என்று காட்டின. நம் அப்பத்தாக்கள் ஆய்வு எதுவும் படிக்காமலே இந்தக் கட்சியில்தான் இருக்கிறார்கள்.

ஆக, டாக்டரை மாற்றச் சொல்லிப் பயனில்லை. மாற்ற வேண்டியது அந்த நோட்டை. காலையில் பெயர் எழுதுகிறார்களே, அந்த நோட்டில் வரிசை எண் இருக்கிறது, மணி இல்லை. எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று அது சொல்லும். நான் எப்போது வர வேண்டும் என்று சொல்லாது. டவுனில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எத்தனையாவது நம்பர் ஓடுது?" என்று போனில் கேட்டுக்கொண்டு வரலாம். இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனையோ மாமியார்களும் மருமகள்களும் யாரிடமும் காசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து போக முடிகிறதென்றால் அதனால்தான். ஆனால் கட்டணம் இல்லாத பஸ்ஸுக்கும் நேரம் உண்டு. கிராமத்துக்காரர்களின் கடிகாரமே பஸ்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாக்டர் 6 மணி முதல் 9 மணி வரை 45 பேரைப் பார்க்கிறார் என்று வையுங்கள். ஆளுக்கு 4 நிமிடம். 45 பேரையும் 6 மணிக்கே வரச் சொன்னால் கடைசி ஆள் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சராசரியாக ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் போகும். அதே 45 பேரை அரை மணிக்கு ஏழெட்டுப் பேராகப் பிரித்து, 1 முதல் 8 வரை 6 மணி, 9 முதல் 15 வரை ஆறரை என்று நோட்டிலேயே எழுதிக் கொடுத்தால்? யாரும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். பாதிப் பேருக்குக் கால் மணியோடு முடிந்துவிடும். டாக்டர் ஒரு நிமிடம் கூடுதலாக வேலை செய்யவில்லை. புதிதாக நாற்காலி வாங்கவில்லை. அந்தப் பையன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மணியை எழுதினான், அவ்வளவுதான். டாக்டர் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும் என்பது இந்தக் கணக்குக்கு அடிப்படை. அதைப் பற்றிப் பிறகு.

இது என் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட முடியாது. 1952இலேயே நார்மன் பெய்லி என்ற ஆங்கிலப் புள்ளியியலாளர் இதை முறையாகச் செய்து பார்த்துவிட்டார். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளின் புற நோயாளிப் பிரிவுகளில் கூட்டம் நெரிந்த காலம் அது. கணினி வைத்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. பெய்லி காகிதத்திலேயே கிளினிக் நடத்தினார். ஒருவருக்கு இரண்டு நிமிடம், அடுத்தவருக்கு ஒன்பது நிமிடம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி எண்களை எடுத்து, ஒவ்வொரு நாளும் நோயாளி எவ்வளவு காத்திருக்கிறார், டாக்டர் எவ்வளவு சும்மா இருக்கிறார் என்று கணக்கெடுத்தார். கடைசியில் அவர் சொன்ன வழி ரொம்பச் சாதாரணம். ஆரம்பத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறதோ அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள். ஒருவர் தாமதமானாலும் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார், வெளியே கூட்டமும் சேராது.

பெய்லியின் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அந்தச் சூத்திரம் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் கேள்வி. டாக்டரின் ஒரு நிமிடம் நோயாளியின் எத்தனை நிமிடத்துக்குச் சமம்? எல்லாரையும் 5 மணிக்கே கூட்டி உட்கார வைக்கும் கிளினிக் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. டாக்டரின் ஒரு நிமிடம் வீணாகக் கூடாது, அதற்காக நாற்பது பேரின் சாயங்காலம் போனாலும் பரவாயில்லை என்பதுதான் அந்தப் பதில். களை எடுக்கப் போயிருந்தால் அரை நாள் கூலி என்று மருமகளுக்குத் தெரியும். அவருடைய நிமிடத்துக்கும் விலை உண்டு.

இவ்வளவு எளிது என்றால் ஏன் நடக்கவில்லை? தெரிந்த டாக்டர்கள் சிலரிடம் பேசினேன். பெயர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் சொன்னார், "சார், ஏழரைக்கு வாங்கன்னா எட்டரைக்கு வருவாங்க, இல்லேன்னா ஆறுக்கே வந்து உக்காந்துருவாங்க." உண்மைதான். வரிசையில் நேரில் உட்கார்ந்திருப்பதுதான் தன் முறைக்கு ஒரே அத்தாட்சி என்று நாம் பழகிவிட்டோம். எழுந்து போனால் இடம் போய்விடும் என்ற பயம் ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீஸிலும் கற்றது. இன்னொருவர் சிரித்துக்கொண்டே மறைக்காமல் சொன்னார். வாசலில் கூட்டம் இல்லாத டாக்டரிடம் யார் வருவார்கள்? கைராசிக்கார டாக்டர் என்றால் திண்ணை நிரம்பி, தெரு வரை ஆள் நிற்க வேண்டும். நாமும் அப்படித்தானே ஆள் பார்க்கிறோம்? காலியாக இருக்கும் கிளினிக்கைப் பார்த்தால் உள்ளே போகத் தயங்கி, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே விசாரிக்கிறோம். இந்தக் கூட்டத்தில் பாதி நாம் கூட்டியது.

காத்திருப்பு எல்லா இடத்திலும் குற்றமும் இல்லை. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயரெடுத்த ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் இறந்தபோது அந்த வட்டாரமே தெருவில் நின்றது. அவரிடம் போனவர்கள் காசாகக் கொடுக்காததைக் கொஞ்சம் நேரமாகக் கொடுத்திருப்பார்கள். அதில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. முந்நூறு ரூபாய் பீஸையும் கொடுத்துவிட்டு முழுச் சாயங்காலத்தையும் கொடுப்பதுதான் இடிக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்னவாசலிலும் இலுப்பூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. புதுக்கோட்டையை ஒட்டிய முள்ளூரில் 2017இல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஓ.பி. சீட்டுக்கு நிற்க வேண்டும், டாக்டர் அறை முன்னால் நிற்க வேண்டும், மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் நிற்க வேண்டும் என்று மூன்று வரிசைகள் அரசு ஆஸ்பத்திரிகளில் எங்கும் உண்டு. ஆனால் பதிவு முறை என்ற பெயரே இல்லாமல் நாம் ஐம்பது வீட்டுக்கும் தெரிந்த ஒரு பதிவு முறையை நடத்திக்கொண்டிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகள். புதன்கிழமை என்றால் தடுப்பூசி. இதற்கு ஆப் கிடையாது, போன் நம்பர் கிடையாது. நர்ஸம்மா வந்து சொன்னது, ஊர் வாயில் ஏறிவிட்டது. நாள் குறிப்பது நமக்குக் கைவந்த கலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாளோடு ஒரு மணியையும் சேர்ப்பதுதான் பாக்கி. பரம்பூர் பக்கத்து ஆட்களுக்குப் பத்து மணி, காரையூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் பதினொன்று என்று பஸ் வரும் திசையைப் பார்த்துப் பிரித்தாலே போதும்.

வரிசையை நீளாமல் தடுக்க இன்னொரு வழி, வர வேண்டாதவரை வரவழைக்காமல் இருப்பது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' செய்தது அதைத்தான். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அளவு பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. கடிதம் எழுதிய வாசகியின் மாமியார் மாதிரி, அதே மாத்திரையைத் தொடரச் சொல்லக் கேட்பதற்காக மட்டும் மாதாமாதம் டவுனுக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். துணை சுகாதார நிலையத்தில் ஒருமுறை பெயரைப் பதிந்து வையுங்கள். பழகிய டாக்டரை விட்டுவிட வேண்டியதில்லை. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அவரே நிம்மதியாகப் பதில் சொல்வார்.

க்யூஆர் கோடு மூலம் டோக்கன் வாங்குவது பற்றி இளைய வாசகர்கள் சிலர் ஆர்வமாக எழுதியிருக்கிறார்கள். 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய முறை அது. சுவரில் ஒட்டிய அந்தக் கோடைப் போனில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி எல்லாம் தானாகப் போய், டோக்கன் நம்பர் வந்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது குறைப்பது ஓ.பி. சீட்டு வரிசையை. டாக்டர் அறை முன்னால் நிற்கும் வரிசைக்கு நீங்கள் முன்னைவிடச் சீக்கிரம் போய்ச் சேருவீர்கள், அவ்வளவுதான். பட்டன் போன் வைத்திருக்கும் அப்பத்தாவுக்கு அதுவும் இல்லை.

எந்திரமும் உத்தரவும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்துக் கதை ஒன்று. அங்கே 1948 ஜூலை 5 முதல் டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் பதிந்த ஒரு குடும்ப டாக்டர் கிளினிக் உண்டு. காத்திருப்பு கூடிப் போனதால் டோனி பிளேர் அரசு 2000இல் ஓர் இலக்கு வைத்தது. 2004க்குள், கேட்ட 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க முடிய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிளினிக்குகள் என்ன செய்தன? 48 மணி நேரத்துக்கு அப்பால் பதிவே கொடுக்காமல் பல இடங்களில் நிறுத்திவிட்டன. கணக்கில் எல்லாரும் 48 மணிக்குள் பார்த்துவிட்டார்கள்! அடுத்த வெள்ளிக்கிழமை வர வேண்டியவர் அடுத்த வாரம் போன் செய்து முட்டிமோத வேண்டியதாயிற்று. 2005 தேர்தல் சமயத்தில் டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பெண் எழுந்து இதைச் சொன்னபோது பிளேருக்கே அது புதுச் செய்தி. 2010இல் வந்த அரசு அந்த இலக்கைக் கைவிட்டது. ஆனால் காலை 8 மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் போனில் பாய்கிற வழக்கம் ஒழியவில்லை. லண்டனில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கிளினிக் நேரம் முழுவதும் ஆன்லைனில் கேட்க வழி திறந்திருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நம் காலை 7 மணி போனும் லண்டன் 8 மணி போனும் ஒரே வியாதி. ஒரே நிமிடத்தில் எல்லாரையும் கதவைத் தட்டச் சொன்னால், நோய் முற்றியவர் முந்துவதில்லை, விரல் வேகமானவர் முந்துகிறார்.

இன்னொன்று. வரிசையைச் சீக்கிரம் நகர்த்த வேண்டும் என்று டாக்டரை அவசரப்படுத்தவும் கூடாது. 67 நாடுகளில் குடும்ப டாக்டர்கள் ஒரு நோயாளியை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வில், பங்களாதேஷ் 48 வினாடி, ஸ்வீடன் இருபத்திரண்டரை நிமிடம். இந்தியா சுமார் 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் நாக்கை நீட்டச் சொல்லலாம், பிரஷர் பார்க்கலாம். மகன் குடிப்பதையோ, ராத்திரி தூக்கம் வராததையோ எந்தத் தாயும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட மாட்டாள். வெளியே இருக்கும் நேரம்தான் குறைய வேண்டும், உள்ளே இருக்கும் நேரம் அல்ல.

இந்த இதழை வாங்கிக் கிளினிக்கில் போட்டிருக்கும் டாக்டர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்று தெரியும். (எங்கள் இதழ் அதிகம் வாசிக்கப்படும் இடம் அந்தப் பெஞ்சுதான் என்று விற்பனைப் பிரிவு சொல்கிறது. அந்த வகையில் இந்தப் பக்கம் எங்கள் வியாபாரத்துக்கு விரோதமானது.) அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். நோட்டில் நம்பருக்குப் பக்கத்தில் அரை மணிக் கணக்கில் நேரம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு அரை மணியிலும் ஓர் இடத்தைக் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கும் வெளியூர்க்காரருக்கும் காலியாக வையுங்கள். நீங்கள் பிரசவ கேஸுக்குப் போய்த் தாமதமாகிறது என்றால், "டாக்டர் ஏழரைக்குத்தான் வருவாக" என்று அந்தப் பையன் பத்துப் பேருக்குப் போன் செய்தால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபம் வருவது தாமதத்தால் அல்ல, ஒன்றும் சொல்லாததால்.

வாசகர்களும் சும்மா இருக்க முடியாது. பெயர் பதிந்துவிட்டுப் போக முடியவில்லை என்றால் ஒரு போன் செய்து சொல்லுங்கள், அந்த இடம் இன்னொருவருக்கு. ஏழரை என்றால் ஏழரைக்குப் போங்கள், நைசாக ஆறு மணிக்குப் போய் முன்னால் நுழையப் பார்க்காதீர்கள். பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்று சொல்லி டாக்டரை யோசிக்க வைப்பதில் போகும் நேரம் உங்களுக்குப் பின்னால் இருப்பவருடையது.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்த நாளான ஜூலை 30ஐத் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறார்கள். கோலம் போட்டு, தோரணம் கட்டி, கேக் வெட்டுவதோடு, அன்று ஒரு நாளாவது யாராவது வாசலில் நின்று வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதி வைத்தால் நன்றாக இருக்கும். அளந்து பார்க்காத காத்திருப்பை யாரும் குறைக்கப் போவதில்லை.

நாங்களும் அளக்கப் போகிறோம். ஒரு தபால் அட்டை போதும். ஊர், பதிந்த விதம், கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்த நேரம், உள்ளே கூப்பிட்ட நேரம், டாக்டர் பார்த்த நிமிடம் ஆகியவற்றை எழுதி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். டாக்டர் பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். எழுதினாலும் அடித்துவிட்டுத்தான் போடுவோம். நேரம் எழுதிக் கொடுக்கும் டாக்டர் உங்கள் ஊரில் ஏற்கெனவே யாராவது இருந்தால், அவர் அதை எப்படி நடத்துகிறார் என்று விரிவாகவே எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்